அத்தைப் பாட்டியின் டி.என்.ஏ.வும் நேட்டால் கப்பல் பட்டியலும்

குடும்ப வரலாற்றைத் தேட டி.என்.ஏ. சோதனை செய்துகொள்ளலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் குடும்பத்தில் இப்போது இருப்பவர்களில் மூத்தவர் யார்? முதல் சோதனை அவருக்குத்தான் செய்ய வேண்டும். உங்கள் முறை பிறகு வரட்டும்.

காரணம் எளிய கணக்கு. தலைமுறைக்குத் தலைமுறை பாதி கழிந்துகொண்டே போகிறது. என் கொள்ளுத்தாத்தாவின் பெற்றோருடைய டி.என்.ஏ. என்னிடம் எட்டில் ஒரு பங்குதான் இருக்கிறது. என் தாத்தாவின் தங்கைக்கு அவர்கள் சொந்தத் தாத்தாவும் பாட்டியும் என்பதால் அவரிடம் சரிபாதி இருக்கிறது. தொண்ணூறை எட்டிய அந்த அத்தைப் பாட்டி, என்னைவிட நான்கு மடங்கு செய்தியைத் தன் உடம்பில் வைத்திருந்தார். அவர் தலையில் இருந்த செய்தி அதைவிடப் பெரிது.

எங்களுக்கு ஆரணிப் பக்கம். கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் ஒருவர் இளம் வயதில் கரும்புத் தோட்டத்துக்குப் போனார், திரும்பவே இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எங்கே போனார் என்றால் மோரீசு, அதாவது மொரீஷியஸ் தீவு, என்பார்கள். கடல் கடந்து கரும்பு வெட்டப் போனவர்கள் எல்லோரும் எங்கள் ஊர்ப் பேச்சில் மோரீசுக்குப் போனவர்கள்தான். அத்தைப் பாட்டிக்கு மட்டும் கூடுதலாகச் சில தெரிந்திருந்தன. போனவர் தன் தந்தையோடு சண்டையிட்டுப் போனார். வேலூர் வழியாகச் சென்னைப் பட்டணம் போனார். வாழைப்பந்தல் பச்சையம்மனுக்குப் பொங்கல் வைக்கும்போதெல்லாம் அவருடைய தம்பி, அதாவது பாட்டியின் அப்பா, ‘பெரியவர் பங்கு’ என்று ஒரு தேங்காயைத் தனியே உடைப்பார்.

சோதனைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான். உட்கார்ந்து கேட்பது, பதிவு செய்துகொள்வது, வீட்டுப் பெட்டியில் உள்ள காகிதங்களைப் பிரித்துப் படிப்பது. எங்களிடம் பழைய பாகப்பத்திரம் ஒன்று இருந்தது. மூத்தவர் ‘தேசாந்திரம் போய்விட்டபடியால்’ அவர் பங்கு இன்னாருக்குச் சேரும் என்று ஒரு வரி அதில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரி, போனவர் ஒருவர் உண்மையிலேயே இருந்தார் என்பதற்கும் அவர் பெயர் என்ன, தந்தை பெயர் என்ன என்பதற்கும் சாட்சி. உங்களிடம் மூலப் பத்திரம் இல்லையென்றாலும், பதிவு செய்யப்பட்டது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டுப் பார்க்கலாம். டி.என்.ஏ.வுக்குச் செலவழிக்கும் பணத்தில் சிறு பகுதிதான் அதற்கு ஆகும்.

இனி சோதனை. சில நிறுவனங்கள் குழாயில் எச்சில் கேட்கின்றன. வேறு சில, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பச் சொல்கின்றன. வயதானவர்களுக்கு வாய் உலர்ந்திருக்கும். குழாய் நிறைய எச்சில் சேர்ப்பது அவர்களுக்குப் பெரும் துன்பம். ஆகவே பஞ்சுக் குச்சி வகையைத் தேர்ந்தெடுங்கள். மைஹெரிட்டேஜ், ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ. ஆகியவை அந்த வகை. சாப்பிட்டு, வெற்றிலை போட்டு முடித்த உடனே எடுக்கக் கூடாது. எதற்காக எடுக்கிறோம், யாருக்கெல்லாம் தெரியும், பிறகு வேண்டாம் என்று தோன்றினால் அழிக்கலாம் என்பதையெல்லாம் அவருக்குப் புரியும் தமிழில் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். எங்கள் பாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதில் நம் சாதி தெரியுமா என்று கேட்டார். தெரியாது பாட்டி, உறவுதான் தெரியும் என்றேன். அப்படியென்றால் சரி என்று வாயைத் திறந்தார்.

அவர் கேட்டதை இங்கே கொஞ்சம் பேசியாக வேண்டும். தம் சாதிதான் தூய்மையானது, தம் சாதிதான் மூத்தது என்று காட்ட இந்தச் சோதனை முடிவுகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். தந்தை வழியில் ஆணிலிருந்து ஆணுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம், தாய் வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. ஆகியவற்றை வைத்து ஒவ்வொருவரையும் ஒரு பெருங்கிளையில் சேர்க்கிறார்கள். இந்தியாவில் பாதிக்கு மேற்பட்டோரின் தாய்வழி எம் என்ற ஒரே பெருங்கிளைக்குள் அடங்குகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்த கிளைகள் இவை. இன்று நாம் சொல்லிக்கொள்ளும் எந்தப் பட்டத்துக்கும் அவை சான்றிதழ் தருவதில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம், ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. உயிரியல் ஆய்வு மையம் ஆகியவற்றின் விஞ்ஞானிகள் 2013இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்திய மக்கள் பரவலாகக் கலந்தார்கள் என்று காட்டியது. கலக்காத குடி இங்கே யாரும் இல்லை. அந்த முடிவைப் படித்த பிறகும் தூய்மை பேசுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது.

முடிவில் முதலில் கண்ணில் படும், எந்த வட்டாரத்தின் பங்கு எவ்வளவு என்ற விழுக்காடுகளையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நிறுவனம் தன்னிடம் உள்ள மாதிரித் தொகுப்போடு உங்களை ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீடு அது. தொகுப்பு மாறினால் உங்கள் விழுக்காடும் மாறும். நான்கு தாத்தா பாட்டிகளும் ஒரே தாலுகாவில் பிறந்த ஒருவருக்கு நீங்கள் தென்னிந்தியர் என்று சொல்வதால் என்ன பயன்? கரீபியன் தீவுகளான குவாதலூப்பிலோ மார்ட்டினிக்கிலோ பிறந்து, ஆப்பிரிக்க, ஐரோப்பிய, தமிழ் வழிகள் கலந்த குடும்பத்தவருக்கு அது பயன்படும். எந்தப் பாட்டி வழியில் இந்தியா வந்தது என்று தேடத் தொடங்க அவர்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

நமக்குப் பயன்படுவது உறவினர் பட்டியல். அங்கே சோதனை செய்துகொண்ட மற்றவர்களில் உங்களோடு டி.என்.ஏ. பகிர்கிறவர்களை நிறுவனம் வரிசைப்படுத்திக் காட்டும். அங்கேதான் தமிழ்க் குடும்பங்கள் பெரும் குழப்பத்தில் விழுகின்றன. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இருவர் பகிர்ந்துகொள்ளும் டி.என்.ஏ.வை சென்டிமார்கன் என்ற அலகால் அளக்கிறார்கள். மேலைநாடுகளில் திரட்டிய சராசரிகள் உண்டு. பெற்றோரின் உடன்பிறந்தார் பிள்ளைகளுக்கிடையே சுமார் 866, தாத்தா பாட்டியின் உடன்பிறந்தார் பேரப்பிள்ளைகளோடு சுமார் 229, அதற்கும் ஒரு தலைமுறை மேலே பிரிந்தவர்களோடு சுமார் 73. கடைசி வகையில் பத்தில் ஒரு பங்கினரிடம் பகிர்வே தென்படாமலும் போகலாம். ஆகவே பட்டியலில் ஒருவர் இல்லை என்பதால் உறவே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

இந்தச் சராசரிகள் நம் குடும்பங்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை. அத்தை மகன், மாமன் மகள் திருமணமும், அக்காள் மகளை மணப்பதும் நம்மிடம் வழிவழியாக நடந்தவை. அதற்கு மேல், பல நூற்றாண்டுகளாக ஒரே வட்டத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறோம். 2017இல் சி.சி.எம்.பி.யின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து நடத்திய ஆய்வில், தெற்காசியாவின் 263 குழுக்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 81 குழுக்களில், சிறிய மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகியதன் தடயம் பின்லாந்து மக்களிடமும் அஷ்கனாசி யூதர்களிடமும் இருப்பதைவிட வலுவாக இருந்தது. அந்த ஆய்வு நோய்களைப் பற்றியது. குடும்பம் தேடுகிறவருக்கு அது சொல்லும் செய்தி வேறு: உங்கள் பட்டியலில் நெருங்கிய சொந்தம் என்று தோன்றுகிறவர்களில் பலர், எத்தனையோ வழிகளில் தூரத்துச் சொந்தமாக இருப்பவர்கள். சின்னச் சின்னத் துண்டுகள் சேர்ந்து கூட்டுத்தொகையை உயர்த்திக் காட்டுகின்றன.

அதனால் கூட்டுத்தொகையை விட்டுவிட்டு, ஒரே தொடர்ச்சியாகப் பகிரும் மிக நீளமான துண்டு எவ்வளவு என்று பாருங்கள். பத்துக்குக் குறைந்த துண்டுகள் பழைய காலத்து எச்சங்களாக இருக்கலாம். முப்பது, நாற்பதுக்கு மேற்பட்ட ஒற்றைத் துண்டு, பிரிந்து அதிக காலம் ஆகவில்லை என்பதற்கு நல்ல அறிகுறி. இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் தூரத்து ஆட்களுக்கு மடல் எழுதிச் சோர்ந்துபோன பலர் தப்பித்திருப்பார்கள்.

இன்னொன்று, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஆட்களையும் சோதிக்க வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். அப்பாவைப் பெற்ற பாட்டியும் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் உடன்பிறந்தவர்கள். ஆகவே எனக்கு ஒரு புதிய உறவு தெரிந்தால் அது எந்தப் பக்கம் என்று என்னை வைத்து மட்டும் சொல்ல முடியாது. என் தாய்மாமாவையும் சோதனை செய்யச் சொன்னேன். அத்தைப் பாட்டியோடு பொருந்தி, மாமாவோடு பொருந்தாத ஆள் என்றால் அவர் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பங்காளி வழியிலோ அந்தத் தாத்தாவைப் பெற்ற அம்மா வழியிலோ வந்தவர். இருவரோடும் பொருந்தினால் முடிச்சு வேறு எங்கோ இருக்கிறது.

டர்பனில் வாழும், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பட்டியலில் வந்தார். பாட்டியோடு 236 சென்டிமார்கன், நீளமான துண்டு 58. என்னோடு 104, நீளமான துண்டு 41. மாமாவோடு சிறு துண்டுகள் மட்டும். மொரீஷியஸைத் தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு விடை தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது.

அப்படி ஒருவர் தென்பட்டால் முதல் மடல் சுருக்கமாக இருக்கட்டும். நீங்கள் யார், எந்த மாவட்டம், எந்தக் காலத்தில் யார் போனார் என்பவை போதும். எடுத்த எடுப்பில் குடும்ப மரம் முழுவதையும் அனுப்பினால் எதிரில் இருப்பவர் மிரண்டுபோவார். பதிலுக்குக் காத்திருக்கவும் வேண்டும். எங்களுக்குப் பதில் வர மாதங்கள் ஆயின. வந்தபோது அதில் இருந்த அவருடைய முழுப் பெயரைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்களிடம் முன்னோர் ஒருவரின் இயற்பெயரோ பட்டப்பெயரோ ஆங்கில எழுத்தில் உறைந்து குடும்பப் பெயராகிவிட்டது. கவுண்டர் அங்கே கவெண்டர், முதலி அங்கே மூட்லி. அந்த அக்காவின் குடும்பப் பெயராக நின்றது பாகப்பத்திரத்தில் நாங்கள் படித்த பெரிய தாத்தாவின் பெயர்.

பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் உறவு நிச்சயமாகாது. ஒரே பெயர் ஊருக்குப் பத்துப் பேருக்கு உண்டு. டர்பன் உள்ள நேட்டால் பகுதியின் பெரும் வரம், அங்கே காகிதம் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு 342 பேரோடு போய்ச் சேர்ந்தது தொடங்கி, 1911இல் ஒப்பந்தக் கூலி முறை நிற்கும் வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம் எல்லாம் உண்டு. மனிதரைச் சரக்குபோல எண்ணிட்டு எழுதிய கொடுமையான ஏடு அது. அதே ஏடுதான் இன்று பேரப்பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டுகிறது. குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி லுதூலி ஆவண மையமும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகமும் இந்தத் தேடலுக்கு முதன்மையானவை. மொரீஷியஸ் என்றால் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் கேட்க வேண்டும்.

அக்காவின் வீட்டில் பாட்டனாரின் பழைய சான்றிதழ் ஒன்றில் அந்த எண் இருந்தது. எண் கிடைத்ததும் பட்டியலின் வரி கிடைத்தது. தந்தை பெயர் பொருந்தியது. மாவட்டம் வட ஆற்காடு, தாலுகா ஆரணி. கிராமத்தின் பெயரை எழுதியவர் தம் காதுக்குக் கேட்டபடி எழுதியிருந்ததால், அதை உரக்கப் படித்துப் பார்த்துத்தான் எங்கள் ஊர் என்று தெரிந்துகொண்டோம். இப்படித் தேடுகிறவர்கள் பழைய மாவட்ட எல்லைகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய திருவண்ணாமலை, வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களின் பெரும்பகுதி அன்று வட ஆற்காடு. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை சித்தூரும் அதில்தான் இருந்தது. சாதி என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பவும் வேண்டாம். கப்பலேறும் முன் கூலிகளைத் தங்கவைத்த டிப்போவில் பெயரையும் சாதியையும் மாற்றிச் சொன்னவர்கள் உண்டு.

அதன் பிறகு அந்த அக்காவின் தம்பியும் நானும் ஒய் குரோமோசோம் சோதனை செய்துகொண்டோம். 37 இடங்களை ஒப்பிடும் சோதனை. பங்காளிகள் என்றால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. இந்தச் சோதனை தந்தை வழி ஒன்றா என்று மட்டுமே சொல்லும். எத்தனை தலைமுறைக்கு முன் பிரிந்தோம் என்பதைத் துல்லியமாகச் சொல்லாது. பாட்டியின் சென்டிமார்கன், கப்பல் பட்டியல், பாகப்பத்திரம், ஒய் சோதனை என நான்கும் ஒரே ஆளைக் காட்டியதால்தான் இவர்தான் அவர் என்று நான் துணிந்து எழுதுகிறேன். ஒன்றை மட்டும் வைத்து யாரையும் சொந்தம் என்று அறிவித்துவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் தொலைபேசியில் அந்த அக்கா, தங்கள் வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை பச்சையம்மாவுக்குப் படையல் வைப்பார்கள், அது எந்த ஊர்ச் சாமி என்று யாருக்கும் தெரியாது என்றார். நான் அதைப் பாட்டியிடம் சொன்னேன். குலதெய்வத்தின் பெயரை நீ ஏன் முதலிலேயே கேட்கவில்லை, கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்குமே என்றார். இதில் உண்மை நிறைய இருக்கிறது. டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள். மொழி போன வீடுகளிலும் சாமியின் பெயர் நிற்கிறது. தேடல் தொடங்கும்போதே குலதெய்வத்தைக் கேளுங்கள்.

இனி, மனம் கனக்கும் பகுதி. இந்தச் சோதனை ஒரு வீட்டில் எதையும் உடைத்துப் போட வல்லது. அப்பா என்று நினைத்தவர் அப்பா இல்லை என்பதும், சொல்லாமல் வளர்த்த பிள்ளை என்பதும், அண்ணன் தம்பி பாதி உறவுதான் என்பதும் ஒரு காலையில் திரையில் வந்து நிற்கும். எங்கள் சுற்றத்திலும் அப்படி ஒன்று வந்தது. அதை நான் எழுதப் போவதில்லை. முன்கூட்டியே நாங்கள் பேசி வைத்திருந்த ஏற்பாடு அன்று காப்பாற்றியது: யாருடைய முடிவோ அவரிடம் மட்டும் சொல்வது, அவரும் கேட்டால் மட்டும் சொல்வது. சோதனைக்கு ஆள் சேர்க்கிறவர் இந்தப் பேச்சைப் பஞ்சுக் குச்சியைக் கையில் எடுப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

உங்கள் டி.என்.ஏ. உங்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. 2018இல் கலிபோர்னியாவில் பல கொலைகளைச் செய்தவனைப் பிடித்தது, ஜெட்மேட்ச் போன்ற டி.என்.ஏ. ஒப்பீட்டுத் தளங்களில் இருந்த அவனுடைய தூரத்து உறவினர்களின் தரவுகளை வைத்துத்தான். நல்ல காரியம்தான். ஆனால் அந்த உறவினர்கள் யாரும் அதற்காக ஏற்றவில்லை. டுவென்டி த்ரீ அண்ட் மீ நிறுவனத்தின் தரவுகள் 2023இல் கசிந்து ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியேறின. 2025 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்தது, அதே ஆண்டு கைமாறியது. ஆகவே முடிவு வந்ததும் மூலக் கோப்பை உங்கள் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காவல்துறைக்கும் ஆராய்ச்சிக்கும் அனுமதி உண்டா என்ற கேள்விகளை நிதானமாகப் படித்துப் பதில் சொல்லுங்கள். அனுப்பிய மாதிரியை அழிக்கச் சொல்லும் வசதி உண்டா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

ரீயூனியன், குவாதலூப், மார்ட்டினிக் உறவுகளைத் தேடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. அவை பிரெஞ்சு மண். பிரான்சில் வம்சம் அறிவதற்காகத் தனியார் டி.என்.ஏ. சோதனை செய்துகொள்வது சட்டப்படி குற்றம். 3,750 யூரோ வரை அபராதம். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் போனவர்களின் பிள்ளைகள் பட்டியலில் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே உறவினரைச் சோதனைக்கு வற்புறுத்தாதீர்கள், காப்பகங்களை நாடுங்கள்.

மலாயாவுக்கும் இலங்கை மலையகத்துக்கும் கங்காணி கூட்டிப்போனவர்களின் பிள்ளைகளுக்கு நிலைமை நேர் எதிர். நேட்டாலைப்போல ஆளுக்கு ஒரு வரி எழுதிய ஏடு அவர்களுக்கு இல்லை. மலாயாவிலிருந்து 1942, 43இல் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்ட தமிழர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எழுதப்படவே இல்லை. அந்தக் குடும்பங்களுக்குத்தான் இந்தச் சோதனை அதிகம் தேவைப்படும். அவர்களோடு பொருந்த, ஊரில் இருக்கும் நாம் சோதனை செய்துகொண்டு காத்திருக்க வேண்டும். இந்தியாவில் சோதித்தவர்கள் குறைவாக இருப்பதால் அவர்கள் பட்டியல் வெறுமையாகக் கிடக்கிறது. அவர்களுக்காகவே ஒருவர் செய்துகொள்ளலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது டர்பன் அக்கா வேறொரு கேள்வியைக் கையில் எடுத்திருக்கிறார். பெரிய தாத்தா நேட்டாலில் மணந்த பெண்ணும் ஒப்பந்தக் கூலியாக வந்தவர்தான். அவர் எண்ணும் கிடைத்துவிட்டது. தெலுங்குக்காரர், மாவட்டம் விசாகப்பட்டினம். அன்றைய விசாகப்பட்டினம் மாவட்டம் மிகப் பெரியது, கிராமத்தின் பெயரோ மை படர்ந்து முதல் இரண்டு எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. அந்தப் பாட்டியின் வழியில் அக்காவுக்குப் பொருந்தும் ஆள் ஆந்திராவில் இன்னும் யாரும் வரவில்லை. எங்கள் பாட்டியோடும் என்னோடும் பொருந்துகிறவர்களைக் கழித்துவிட்டு மிச்சமுள்ள பட்டியலை நானும் அவரும் பிரித்துக்கொண்டு பார்த்து வருகிறோம்.